நூல் கோக்காத மெஷின்

காரியச் செவிடு என்றொரு சொல் தமிழில் உண்டு. தனக்கு வேண்டிய பேச்சு மட்டும் காதில் விழுகிற மாதிரி நடிக்கிறவர்களுக்கு வைத்த பெயர். அதை உண்டாக்கிய மகராசன் சாந்தோமில் ஃப்ளோரன்ஸைப் பார்த்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். அவன் பார்க்கவில்லை. ஆகவே அவளுடைய மாமியார் லூர்துமேரி அந்தப் பெயரைத் தாராளமாக எடுத்து மருமகளுக்குச் சூட்டினாள். சந்தில் இருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு சொல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், ஃப்ளோரன்ஸை வீட்டை விட்டும் பெற்ற பிள்ளைகளை விட்டும் அனுப்பிவிடப் பார்த்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கத் தொடங்கியது. முதலில் பல்லி சொல்வது நின்றது. பிறகு உலை கொதிக்கும் சத்தம், குழந்தை தூக்கத்தில் முனகுவது. அதற்கும் பிறகு போனது அவள் கணவன் பிலிப்பின் குரல். அது போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது எப்போதுமே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பிலிப்புக்கு மயிலாப்பூரில் ஒரு லைப்ரரியில் வேலை. பதினோரு வருஷமாக வருகிறவர்களையெல்லாம் 'உஷ்' என்று அடக்கி அடக்கி அவன் குரலும் அடங்கிப்போயிருந்தது. போதாததற்கு, அவன் அப்பா பெண்டாட்டியிடம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தன் பெண்டாட்டியிடம் ஒருநாளும் குரலை உயர்த்துவதில்லை என்று பிலிப் சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தான். நல்ல முடிவுதான். ஆனால் காது மந்தமாகிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதைவிடச் சங்கடமான நல்லவன் கிடைத்திருக்க முடியாது.

ஃப்ளோரன்ஸ் வேலைக்குப் போனது காதர் பாயின் தையல் கொட்டகைக்கு. நொச்சிக்குப்பத்துக்குப் போகிற வழியில் பழைய வண்டிக் கொட்டகை ஒன்றை எடுத்து, சிப்பாய்களுக்குக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுக்கும் காண்டிராக்டை அவர் நடத்திக்கொண்டிருந்தார். தகரக் கூரைக்குக் கீழே முப்பத்தாறு மெஷின்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவள் வாயைத்தான் பார்க்கலாம், பேச்சு கேட்காது. புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் வாரம் தலைவலி வரும். வீட்டுக்குப் போனாலும் மெஷின் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

ஃப்ளோரன்ஸுக்கு மட்டும் தலைவலி வரவில்லை. அதைவிட விநோதம், அந்தக் கொட்டகையில் அவளுக்கு எல்லாம் கேட்டது. மூன்று மெஷின் தள்ளி ஒருத்தி நூல்கண்டு கேட்பதுகூட இவள் காதில் விழும். டிராமில் கேட்டது. கடற்கரையில் அலைக்குப் பக்கத்தில் நின்றால் கேட்டது. கோயில் திருவிழாவில் பாண்டு வாத்தியத்துக்கு நடுவிலும் கேட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் உலகம் வாயை மூடிக்கொள்ளும்.

இது போதாதா லூர்துமேரிக்கு? மீன் கடையில் விலை பேசும்போது கேட்கிற காது, அடுப்பங்கரையில் "அந்த முறத்த எடு" என்றால் கேட்கவில்லை என்றால் அது என்ன காது? செவிடு என்றால் கத்திப் பேச வேண்டாமோ? ஃப்ளோரன்ஸ் பிலிப்புக்குச் சரியாகத் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். "செவிடா இருந்தா இப்டியா பூனை மாரி பேசுவா? எல்லாம் காரியச் செவிடு" என்று லூர்துமேரி தீர்ப்பு எழுதிவிட்டாள். கொடுமை என்னவென்றால், ஃப்ளோரன்ஸுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை மாமியார் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் தன் மனசே காதைச் சாத்திக்கொள்கிறதோ என்று அவள் பயந்தாள். நடிக்காதவளே தான் நடிக்கிறோமோ என்று கலங்குகிற அளவுக்கு ஒரு பட்டப்பெயர் வேலை செய்யும்.

ஆகவே வீட்டில் அவள் ஒரு உபாயம் வைத்திருந்தாள். யாராவது உதட்டை அசைத்தால் லேசாகச் சிரிப்பாள், தலையை ஆட்டுவாள், "ஆமா" என்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது என்பது அவள் கணக்கு. பத்துக்கு எட்டு தடவை அது பலித்தது.

வீட்டில் பலித்தது கோயிலில் பலிக்கவில்லை. மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யப் போவாள். அதற்கென்று வைத்த, தொட்டி என்கிற மரக்கூண்டின் வலைக்கு இந்தப் பக்கம் இவள் முழங்காலில் நிற்பாள், அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்திருப்பார். தன் பாவங்களை இவள் சொல்லிவிடலாம். சாமியார் புத்திசொல்லி, அபராதமாக இத்தனை மந்திரம் சொல் என்று கிசுகிசுப்பதுதான் காதில் விழாது. இரண்டாந்தரம் கேட்கவும் பயம், பின்னால் வரிசை நிற்கிறது. கொடுத்த அபராதத்தில் ஒன்று குறைந்தாலும் பாவம் தீராதே என்று யோசித்து, ஃப்ளோரன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். எவ்வளவு கொடுத்திருந்தாலும் அடங்கிவிடும் என்று, ஒவ்வொரு தடவையும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை முழுசாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, ஆறு வருஷம். அந்த முழங்காலைக் கும்பிடத்தான் வேண்டும்.

சந்தில் இருந்தவர்கள் கும்பிடவில்லை, எண்ணினார்கள். நமக்கெல்லாம் சாமியார் மூன்று பிரியதத்த மந்திரம் கொடுக்கிறார், மூன்று தடவை மாதாவை வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இவளுக்கு மட்டும் ஐம்பத்து மூன்று என்றால் அப்படி என்ன பாவம்? கல்யாணமான பெண்ணுக்கு அவ்வளவு பெரிய பாவம் என்னவாக இருக்கும் என்று கேட்டால், பதில் சொல்ல ஊரில் ஆளா இல்லை? பேச்சு வாய்க்கு வாய் போய்க் கடைசியில் லைப்ரரிப் படியேறி பிலிப் காதிலும் விழுந்தது.

பிலிப் மூன்று நாள் யோசித்தான். ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரம், யுத்தத்துக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தன் ஆயுசிலேயே கஷ்டமான கேள்வியை, தன் ஆயுசிலேயே தாழ்ந்த குரலில் கேட்டான். பின்னால் நின்ற ஃப்ளோரன்ஸுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. ஏதோ கேட்கிறான் என்று தோள் அசைந்ததில் புரிந்தது. லேசாகச் சிரித்தாள், தலையை ஆட்டினாள், "ஆமா" என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பிலிப் அவளிடம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது ஃப்ளோரன்ஸுக்கு முதல் நாலு நாள் தெரியவே இல்லை என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஐந்தாவது நாள் வெள்ளிக்கிழமை. கொட்டகையில் ஃப்ளோரன்ஸுக்கு இடப்பக்கம் டோரதி, அதே சந்தில் நாலாவது வீடு. டோரதிக்கு அந்தப் பக்கம் நொச்சிக்குப்பத்துக் கங்கம்மா. இரண்டு பேரும் பேசாத விஷயம் இல்லை. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று ஒரு தைரியம், பக்கத்தில் இருப்பவள் பாதி நடித்தாலும் மீதி செவிடுதான் என்று இன்னொரு தைரியம். சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால் தங்கள் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கொட்டகையின் ரகசியங்கள் எல்லாம் இப்படித்தான் ஃப்ளோரன்ஸ் காதில் வந்து விழுந்தன. டோரதி தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, தன் சின்ன மகள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு வந்தது உள்பட. ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை.

அன்றைக்கு விழுந்தது அவளுடைய கதை.

"இவ சமாசாரம் தெரியுமா? புருசன்காரன் நேராவே கேட்டுக்கீறான், உன் மனசுல வேற ஆளு கீதான்னு. இவ சிரிச்சிக்கினே ஆமான்னாளாம்" என்றாள் டோரதி.

"சிரிச்சிக்கினேவா?" என்றாள் கங்கம்மா.

"அவ மாமியா அழுதுகினே சொல்லிச்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடப் போறாங்களாம். புள்ளைங்கள மட்டும் இங்கியே வெச்சிக்குவாங்களாம்."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸின் கால் நிற்கவில்லை. கையில் ஒரு சட்டைக் காலர் பாதியில் இருந்தது. பாதியில் விட்டால் அடுத்தவள் கையில் கோணிப்போகும் என்பதால் அதைத் தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள். அதன் பிறகுதான் எழுந்து காதர் பாயிடம் போய், உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அந்தக் காலரின் கடைசித் தையலும் நேர்கோடாக இருந்தது. இப்படி ஒரு சேதி காதில் விழுந்த பிறகு கை கோணாமல் தைப்பதற்கு எத்தனை பேரால் முடியும்?

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தாள். தான் என்ன கேள்விக்கு ஆமாம் சொன்னோம் என்பது இப்போது தெரிந்துவிட்டது. இல்லை என்று போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? காதில் விழவில்லை என்றால், காரியச் செவிடு என்ற பழைய பதில் தயாராக இருக்கிறது. எங்கெங்கே தனக்குக் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கொட்டகை, டிராம், கடல், திருவிழா. கேட்காத இடம்: பாவசங்கீர்த்தனத் தொட்டி, பிலிப்பின் லைப்ரரி, வீடு. மாமியார் இருக்கிறாளா இல்லையா என்பதல்ல விஷயம், சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். எந்த டாக்டரும் சொல்லாமல், எந்தப் புத்தகமும் பார்க்காமல், நொச்சிக்குப்பத்துக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் அவளே இதைக் கண்டுபிடித்தாள். நடுத்தெருவில் நின்று ஒரு மூச்சு விட்டாள். தான் நடிக்கவில்லை என்று அவளுக்கே அன்றைக்குத்தான் நிச்சயமானது.

வீட்டில் அவளுடைய கல்யாணச் சீராக வந்த தையல் மெஷின் ஒன்று இருந்தது. கொட்டகை வேலைக்குப் போன நாள் முதல் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி, மாதா படத்தையும் ஒரு பூச்சாடியையும் வைத்திருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் படத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். துணியை மடித்தாள். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள், அடியில் இருந்த பாபினையும் கழற்றினாள். லூர்துமேரி கதவோரம் நின்று, இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு பிலிப் வந்தான். அவளைப் பார்க்காமல் உள்ளே போகத் திரும்பினான். ஃப்ளோரன்ஸ் அவன் கையைப் பிடித்து மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அன்னைக்கு ஜன்னலப் பாத்து நின்னு ஒண்ணு கேட்டீங்களே, அத இப்போ கேளுங்க" என்றாள். மிதிக்க ஆரம்பித்தாள்.

வெறும் மெஷின் ஓடினால் துணி இருக்கும்போது வருவதைவிடச் சத்தம் அதிகம். பிலிப் ஏதோ முணுமுணுத்தான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் தலையை அசைத்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தாள். அவன் மறுபடியும் சொன்னான். இரைச்சலுக்கு எதிரே நின்று பேசுகிற மனுஷன் குரலை உயர்த்த முடிவு செய்ய வேண்டியதில்லை, தொண்டை தானாக உயர்ந்துவிடும். சின்ன வயதிலிருந்து கட்டிக் காப்பாற்றிய பிலிப்பின் குரல், அவனுக்குத் தெரியாமலே கட்டை அவிழ்த்துக்கொண்டது.

"உன் மனசுல வேற யாராவது இருக்காங்களா?"

ஒரு எழுத்து சிந்தாமல் அவள் காதில் விழுந்தது. பிலிப்பின் குரல் முழுசாகக் காதில் விழுந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கேட்ட கேள்வி அப்படிப்பட்டதாக இருந்தும், அந்தக் குரல் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. உள்ளங்கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவள் குரல் தாழ்ந்தது, அது கேட்க வீடு அமைதியாக இருக்க வேண்டும்.

"இல்ல. எப்பவும் இல்ல. அன்னைக்கு நீங்க கேட்டது என் காதுல விழல. ஜன்னல் காகிதம் கிழிஞ்சிருக்கான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன். கிழிஞ்சிதான் இருந்திச்சி. அதான் ஆமான்னேன்."

பிலிப் ஜன்னலைப் பார்த்தான். கறுப்புக் காகிதத்தின் கீழ்மூலை விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிட்டே போய் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கீழே உட்கார்ந்து முகத்தைக் கையில் மூடிக்கொண்டான். ஐம்பத்து மூன்று மணியின் கதையையும் அவள் அப்போதே சொன்னாள். அழுதுகொண்டிருந்தவன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மறுவாரம் பிலிப் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். டாக்டர் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த ஓர் இரும்புக் கோலைத் தட்டி, ஓசையோடு காதருகில் பிடித்தார். கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்டது. காதுக்கு உள்ளே அரிசியளவு எலும்பு ஒன்று இறுகிப்போய் அசைய மாட்டேன் என்கிறது, மற்றபடி உள்காது நன்றாக இருக்கிறது என்றார். இரைச்சலில் எல்லோரும் தங்களை அறியாமல் உரக்கப் பேசுகிறார்கள். நம் காதில் அந்த இரைச்சலும் சேர்ந்து புகுந்து பேச்சை அமுக்கிவிடுகிறது. உங்கள் மனைவியின் காது இரைச்சலை வாசலிலேயே குறைத்துவிடுவதால் உயர்ந்த பேச்சு மட்டும் தெளிவாக உள்ளே போகிறது என்று விளக்கினார். இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னாலேயே சீமையில் ஒரு வைத்தியர் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாராம். கொட்டு அடித்தால்தான் அவளுக்குப் பேச்சு கேட்கும் என்பதால், அவள் கணவன் கொட்டு அடிக்கத் தெரிந்த ஒருவனை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டானாம். வரும் வழியில் பிலிப், நமக்குக் கொட்டுக்காரன் வேண்டாம், மெஷின் இருக்கிறது என்றான். டிராமில் சொன்னதால் ஃப்ளோரன்ஸுக்குக் கேட்டது.

சாமியாரிடமும் அவனே போய்ச் சொன்னான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து ஃப்ளோரன்ஸின் பாவசங்கீர்த்தனத்தைக் கோயிலுக்குப் பின்னால், அலை வந்து மோதுகிற இடத்தில் நின்று கேட்டார். அபராதம் மூன்று பிரியதத்த மந்திரம். ஆறு வருஷமாகவும் அதே மூன்றுதானாம்.

அன்று முதல் அந்த வீட்டில் சாயங்காலமானால் மெஷின் ஓடும். பிலிப் மிதித்துக்கொண்டே அன்றைய கதையைச் சொல்வான். நிறுத்துவான், அவள் பதில் சொல்வாள். மறுபடி ஓடும். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், இவர்கள் எதைத் தைக்கிறார்கள் என்று சந்து முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டது. உண்மை தெரிந்த டோரதி மட்டும் ஒருநாள் கொட்டகையில் மெல்ல வந்து, இத்தனை நாள் நாங்கள் பேசினதெல்லாம் உனக்குக் கேட்டதா என்று விசாரித்தாள். ஃப்ளோரன்ஸ் லேசாகச் சிரித்து, "எனக்குத்தான் காது கேக்காதே, டோரதி" என்றாள். மெழுகுவர்த்தி விஷயம் கடைசிவரை அவளோடே இருந்தது.

அசையாமல் இருந்தது லூர்துமேரிதான். டாக்டருக்கு என்ன தெரியும் என்றாள். ஆனால் காரியச் செவிடு என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். அப்படியே மூன்று வருஷம் போனது. யுத்தம் முடிந்து, ஜன்னல் காகிதத்தைக் கிழித்தெறிந்து, காதர் பாயின் கொட்டகையில் காக்கி போய்ப் பள்ளிக்கூடச் சட்டை வந்துவிட்டது.

நாற்பத்தாறில் ஒரு மத்தியானம். பிலிப் லைப்ரரியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஃப்ளோரன்ஸ் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லூர்துமேரி வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆயுசில் அதைத் தொட்டவள் இல்லை. மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி, கடக்கென்று நின்றது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு தடவை மிதித்தாள். நாலாவது தடவை மெஷின் ஒழுங்காக ஓடியது. சுவரைப் பார்த்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அனுப்பிடலாம்னு சொன்னது அவன் இல்ல. நாந்தான். புள்ளைங்கள வெச்சிக்கலாம்னு சொன்னதும் நாந்தான்."

ஃப்ளோரன்ஸ் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, ஓடுகிற சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினாள். வீடு அமைதியானது.

"அபராதம் மூணு பிரியதத்தம், அத்தே" என்றாள்.

அன்று சாயங்காலம் லூர்துமேரி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடித்துத்தான் எழுந்தாள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை. மூன்று என்றது நன்றாகவே கேட்டிருந்தது.